சவரியம்மாள் டீச்சருக்கு நாங்கள் பாட விடப்படாத பாட்டு

சவக்குழி ஓரத்தில் எட்டுப் பாடகர்கள் உயிரோடு நின்றுகொண்டிருக்க, சவரியம்மாள் டீச்சரின் அடக்கத்துக்குக் கைப்பேசியை மைக்கில் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். அவர் தமக்கென்று எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் மறுத்தார்கள். இது அநியாயம். இதை மென்று விழுங்கிவிட்டு நாலு நல்ல வார்த்தை எழுத எனக்கு வராது.

செய்தி வந்தபோது கஞ்சி பிளாஸ்கோடு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியிருந்தேன். அவருடைய தம்பி மகன் போனில், “சூசை மாமா, அத்தை போயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு வராதீங்க, வூட்டுக்கு வந்துடுங்க” என்றார். கஞ்சி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டீச்சர், ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் பிறந்தவர். இளம் வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து லத்தீன் படித்தார். தகப்பனார் இறந்ததும் தம்பிகளைக் கரையேற்ற மடத்தை விட்டு வெளியே வந்தார். குரும்பலூரில் ஆசிரியையாக இருந்து, ஓய்வு பெற்ற பிறகே ஊர் திரும்பினார்.

திரும்பியவுடனேயே எங்கள் வண்டவாளம் அவருக்குத் தெரிந்துபோயிற்று. கோயில் பாடகர் குழுவுக்கு லத்தீன் பாட்டுகள் அப்பன் வழியில் வந்தவை. ராகம் தெரியும், அர்த்தம் ஒருவருக்கும் தெரியாது; கல்யாணமோ சாவோ, நினைவுக்கு வந்ததைப் பாடுவோம். அன்று ஒரு கல்யாணப் பூசை. ராகம் இனிமையாக இருக்கிறதே என்று ஒரு பாட்டை உருகி உருகிப் பாடினோம். பூசை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது டீச்சர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“யாருய்யா இந்தப் பாட்டை எடுத்தது?”

“நான்தாங்க” என்றார் ஆட்டோ ஓட்டும் அந்தோணி. “ஏன், நல்லா இல்லீங்களா?”

“நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது பொணத்தைக் குழியில எறக்கறப்ப பாடுறது. மாப்புள்ளையப் பொதைச்சுட்டீங்களேய்யா!”

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலின் பின்னறையில் வகுப்பு தொடங்கியது. கொத்தனார், ஆட்டோக்காரர், முந்திரி உடைக்கிறவர்கள் என்று எல்லோரும் தலை நரைத்தவர்கள். நான் பள்ளிக்கூடம் போகாதவன். பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவன். வாழ்க்கையில் ஒருவர் முன் உட்கார்ந்து படித்தது அந்த அறையில்தான். அங்கேயும் கேள்வி கேட்காமல் எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

பாட, சொல்ல, கேட்க என்று ஆள் ஒட்டாமல் நிற்கும் லத்தீன் வினையைத்தான் அவர் முதலில் எடுத்தார். “ஒருத்தரப் பாத்ததும் நீ எந்த வூட்டுப் புள்ளைன்னு கேக்கறோம்ல, அதுமாதிரி. இதோட வால் எப்படி முடியுதுன்னு பாத்தா எந்தக் குடும்பம்னு தெரிஞ்சுடும். மொத்தம் நாலு வூடு.” கன்த்தாரே என்றால் பாட. கடைசி ‘ரே’யை ‘ரி’ ஆக்கினால் கன்த்தாரி, பாடப்பட. “மூணாவது வூடு மட்டும் சண்டைக்கார வூடு. வாலைப் பாதியோட வெட்டிக்கும்.” தீச்செரே, சொல்ல, தீச்சி, சொல்லப்பட. கன்த்தாவிஸ்ஸே என்ற இறந்தகால வடிவம் வந்ததும் அந்தோணி பொறுமை இழந்தார்.

“பாடன்னு சொன்னாப் போதாதா டீச்சர்? அதுல நேத்து பாட, நாளைக்குப் பாடன்னு வேறயா? நம்ம தமிழ்ல ஏது இதெல்லாம்?”

“போன வெள்ளிக்கிழமை நீ வந்திருக்க வேணாமா?”

“சவாரி வந்துடுச்சுங்க.”

“அது கெடக்கட்டும். ‘வந்திருக்க’ன்னு இப்பச் சொன்னேனே, அது எங்கேருந்து வந்துச்சு? அதேதான் இது. பாடியிருக்க. எழுதிக்க.”

அந்தோணி அதன்பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை.

அந்த அடக்கப் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்து ஒரு மாலை அவர் தமிழாக்கிக் காட்டினார். எங்கள் அப்பன்மாரைப் புதைத்தபோது நாங்கள் என்ன பாடினோம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார்: “நான் செத்தா மைக் செட்டு வேணாம். நீங்க பாடுங்க. சுருதி போனாலும் போவட்டும். அர்த்தம் தெரிஞ்ச வாயி பாடணும்.” கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளரும் அப்போது அறைச் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது.

இறப்பதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் மறுபடி கேட்டார்.

“பாடுவீங்கள்ல, சூசை?”

“மொதல்ல எந்திரிச்சு வூட்டுக்கு வாங்க டீச்சர்.”

“பேச்ச மாத்தாதீங்க. பாடுவீங்களா மாட்டீங்களா?”

“பாடுவோம்.”

அடக்கத்தன்று சாயங்காலம் கோயிலில் வேறொரு விசேஷம் இருந்தது. எல்லாவற்றிலும் அவசரம். பெட்டியை இறக்கியதும் அந்தோணி தொண்டையைச் செருமினார். செயலாளர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அண்ணே, நீங்க பாடி முடிக்க நேரமாவும். நெட்ல வெளிநாட்டுக்காரங்க பாடுனது இருக்கு. சுருதி சுத்தமா இருக்கும்.”

“அவங்க எங்களத்தான் பாடச் சொன்னாங்க” என்றேன்.

“பெருசு, சாவு வூட்ல தகராறு வேணாம். சும்மா இருங்க.”

பங்குச்சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பேசி பாடியது. பாதியில் பாட்டு நின்று, செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு நகைக்கடை விளம்பரம் கல்லறை முழுக்க ஒலித்தது. யாரோ சிரித்தார்கள். அந்தோணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

எல்லோரும் குழியில் மண் போட்டார்கள். நான் போடவில்லை. கையில் எடுத்த மண்ணைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அது எவர்சில்வர் டம்ளரில், அலமாரியில் இருக்கிறது.

இப்போது எங்கள் கோயில் மாத இதழில், ‘பாடகர் குழுவினர் லத்தீனில் பாடி வழியனுப்பினர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

செயலாளர் அடுத்த இதழில் நடந்ததை நடந்தபடி, தம் பெயர் போட்டு எழுத வேண்டும். வருகிற கல்லறைத் திருநாளில் குழிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் மந்திரிப்பு முடிந்ததும் பங்குச்சாமியார் டீச்சரின் குழியருகே பாட்டு முடியும்வரை நிற்க வேண்டும். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். மைக் செட்டுக்காரர் அன்று கல்லறைப் பக்கம் வயர் இழுக்கக் கூடாது. தம்பி மகன் அதுவரை குழிக்கு மேல் சிமெண்ட் பூசக் கூடாது. குழுவில் ஒருவர் விடாமல், தொண்டை கட்டியிருந்தாலும், வர வேண்டும். அந்தோணி முதல் அடியை எடுக்க வேண்டும்.

பாடி முடித்த பிறகு நான் அந்த மண்ணைப் போட வேண்டும். போய் வாருங்கள் டீச்சர் என்று அப்போதுதான் சொல்வேன். அதற்கு முன் சொல்ல மாட்டேன்.