என் நாத்தனார் மேல் நான் கட்டிய பிராது

என் வீட்டுக்காரர் செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவருக்கு முன்னால் கலைச்செல்வி சாக வேண்டும் என்றும் நினைத்தேன். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் சாமியை நம்புகிறவர்கள் படிப்பீர்கள் என்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை. அவர் படகுக்குப் போகிறவர். நான் சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். கலைச்செல்வி அவருக்குப் பங்காளி வீட்டுத் தங்கை, எனக்கு நாத்தனார் முறை. யானைக்கால் நோய் தடுப்பு மாத்திரையை வீடு வீடாகக் கொடுப்பது அவள் வேலை. வருஷா வருஷம் "அப்புறம் போட்டுக்குறோம்" என்று வாங்கி வைப்பேன். அவள் தெரு திரும்பியதும் சாக்கடையில் கொட்டிவிடுவேன். நன்றாக இருக்கிற உடம்புக்கு எதற்கு மருந்து?

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் நகரவே இல்லை. "என் கண்ணு முன்னாடி முழுங்குண்ணே. ஒவ்வொரு வருசமும் ஏமாத்துறீங்க" என்று நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே முழுங்கினார். நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு நெருப்பாகக் காய்ச்சல். குளிரில் கட்டில் ஆடியது. வாந்தி. தொடை இடுக்கில் நெறி கட்டிக் காலை அசைக்க முடியவில்லை. கடலில் எதற்கும் அசராத மனுஷன் வலி தாங்காமல் அழுதார். சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கலைச்செல்வி ஓடி வந்தாள். "பயப்படாதீங்கண்ணி, சில பேருக்கு இப்புடி வரும்னு சொல்லியிருக்காங்க" என்றாள். சில பேருக்காம்!

"வரும்னு தெரிஞ்சேதான் குடுத்தியாடி பாவி? எம் மாமா கண்ண மூடட்டும், ஒன்ன உசுரோட கொளுத்துறேன்" என்று கத்தினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

அப்படியும் எனக்கு ஆறவில்லை. திங்கட்கிழமை அவருக்குத் துணையாக என் அண்ணனை வைத்துவிட்டு விருத்தாசலம் பஸ் ஏறினேன். குறையைக் காகிதத்தில் எழுதிக் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டினால், அவர் நீதிபதி மாதிரி விசாரித்துத் தண்டிப்பார். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கம்மாபுரம் தாண்டும்வரை என்ன எழுதுவது என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டே போனேன்.

"என் புருஷனைப் பிழைக்க வை. அவர் படுக்கையில் விழக் காரணமான கலைச்செல்வி பத்து மடங்கு அனுபவிக்க வேண்டும். மாத்திரை கொடுத்த கை விளங்கக் கூடாது." காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன். பூசாரி அதைச் சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். கோயிலில் நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டுக் கும்பிட்டபோது அத்தனை சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் திரும்பி வந்தால், அவர் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு.

டாக்டரம்மா ரத்தச் சோதனை முடிவோடு வந்தார். "இவுரு ஒடம்புல யானைக்கால் புழு இருக்கும்மா. பல வருசமா இருந்திருக்கும். மாத்திரை பட்டு அது சாவுறப்பதான் இந்தக் காய்ச்சலும் நெறியும் வந்திருக்கு. இன்னும் வுட்டிருந்தா கால் வீங்கியிருக்கும். வீங்குனப்புறம் பழையபடி ஆக்குறது கஷ்டம். வருசா வருசம் மாத்திரை குடுக்குறாங்களே, போடலியா?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படுக்கையில் விழக் காரணமானவளைத் தண்டி என்று கேட்டிருந்தேன். சாமி அன்றைக்கே விசாரித்துவிட்டார். காரணமானவள் நான்தான்.

மறுநாள் கலைச்செல்வி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "கை வெளங்கக் கூடாதுன்னா எழுதுனீங்க? எந்தக் கை அண்ணி?" என்று கேட்டவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். இருவரும் சேர்ந்தே கோயிலுக்குப் போய், பிராதை வாபஸ் வாங்கும் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தோம்.

என் ஆத்திரம் அடங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போது அது புழு மேல் இருக்கிறது. இந்த வருஷம் நான்தான் முதலில் முழுங்கினேன். பிறகு கலைச்செல்வி பின்னாலேயே தெரு முழுக்கப் போனேன். "சோறு துன்னியா? முழுங்கு. நாக்கத் தூக்கிக் காட்டு" என்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்தேன். காய்ச்சல் வந்தவர்களிடம், "உள்ள சாவுது, நல்லா சாவட்டும். வா, டாக்டர்கிட்ட காட்டலாம்" என்று நானே கூட்டிப் போனேன்.

உங்களுக்கும் ஆறாத கோபம் இருந்தால் கொளஞ்சியப்பரிடம் போங்கள். என் மாமாவைத் திருப்பிக் கொடுத்தவர் உங்களையும் கைவிட மாட்டார். நடந்ததை நடந்தபடி எழுதிக் கட்டுங்கள். குற்றவாளி பேர் எழுதுகிற இடத்தை மட்டும் அவருக்கு விட்டுவிடுங்கள்.