வெள்ளைத் துணியில் படியாதது

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது. ஐப்பசி மழை ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த சமயம். திருப்பூர் நல்லூரில் ஒரு பழைய பெட்ரோல் பங்க்கில் மண் தோண்டிக்கொண்டிருந்தோம். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் ஊரில் இந்த வேலை என்றால் சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீர்தான். எந்தக் கிணறு என்ன கலரில் இருக்கிறது என்று பார்ப்பதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. அன்று வந்தது வேறு. பூமிக்கடியில் புதைத்திருந்த டேங்க் ஒன்றில் பெட்ரோல் இருப்பு கணக்கைவிடக் குறைந்துகொண்டே வந்தது. கசிகிறதா, கசிந்தால் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

டேங்க் பக்கத்தில் எடுத்த மண்ணை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. நிலம் சரியும் பக்கமாகத் துளை போட்டு மண் எடுத்துக்கொண்டே போனோம். பங்க்கின் மதில் வந்தும் வாசம் நிற்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, ஒரு கிணறு.

வீட்டுக்கார அக்கா வீட்டிலேயே பனியன் பீஸ்களைச் செக்கிங் செய்து கொடுப்பவர். சுற்றுவட்டாரத்தில் எந்த போர்வெல்லைத் திறந்தாலும் உப்பு. இவர் கிணறு மட்டும் இனிக்கும். கார்ப்பரேஷன் தண்ணீர் வராத நாட்களில், பின்னால் வரிசையாக இருந்த லைன் வீடுகளுக்குப் பின்பக்க மதில் மேல் ஹோஸைப் போட்டு மோட்டாரை ஓட்டிவிடுவார். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள் அவை. அக்கா அவர்களிடம் காசு எதுவும் வாங்கியதில்லை.

சும்மா கொடுப்பதுதானே என்ற அலட்சியமும் கிடையாது. ஒரு துண்டு வெள்ளை பனியன் துணியைக் கிணற்றுத் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டுப் பார்ப்பார். கறை படியவில்லை என்றால்தான் ஹோஸ் மதில் ஏறும். சாயத்தால் பட்ட பாட்டில், தண்ணீருக்குக் கேடு வந்தால் அது கலரோடுதான் வரும் என்று எங்கள் பக்கத்தில் முடிவே கட்டிவிட்டோம். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எனக்குக் காட்டினார்.

"ஒரு பொட்டுச் சாயம் இல்லீங்க, பாருங்க அம்மிணி."

முகத்தில் அவ்வளவு பெருமை. உண்மையாகவே துணிகள் பளிச்சென்று இருந்தன. கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி, தண்ணீர் மொண்டேன். பார்வைக்கு அப்பழுக்கில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தேன். பெட்ரோல்.

அக்கா, இதை இனிமேல் குடிக்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம் என்றேன். அவரும் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பங்க்குப் பக்கத்துலயே ஊடு. பெட்ரோல் வாசம் எந்நேரமும் இருக்கறதுதானுங்க" என்றார். அந்தக் காற்றிலேயே இருந்து அவர் மூக்கு பழகிப்போயிருந்தது. தண்ணீரிலிருந்துதான் வருகிறது என்று நான் விளக்கிச் சொன்னேன். தன் கிணறு என்னாகும் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "லைன் வீட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்களே" என்றுதான்.

நாங்களே போய்ச் சொல்கிறோம் என்றோம். கேட்கவில்லை. "குடுத்தவ நானுங்க, நானே சொல்லிப்போடறேன்" என்று செருப்புகூடப் போடாமல் நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

முதல் வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் வந்தாள். அக்கா திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னார். கோபப்படுவாள், திட்டுவாள் என்றுதான் நான் பயந்தேன். அவளோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"கொஞ்ச நாளாவே வாடை அடிக்கத்தான் செஞ்சுதுக்கா. சும்மா தாற தண்ணிய எப்படிக்கா குறை சொல்ல? நீங்க மனசு சங்கடப்படுவீகன்னு யாரும் சொல்லல."

அடுத்த வீட்டு வாசலில் நின்றவர்களும் ஆமாம் என்பதுபோலப் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மரியாதைக்காகக் குடித்துக்கொண்டு, குழந்தைக்கும் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அக்கா அந்தக் குழந்தையின் காலைத் தொட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். திரும்பி வந்து மதிலில் கிடந்த ஹோஸை இழுத்துச் சுருட்டினார்.

ஆய்வக முடிவும் தண்ணீரில் பெட்ரோல் என்றுதான் சொன்னது. டேங்க்கைத் தோண்டி எடுத்தார்கள், கிணற்றை மூடினார்கள். குழந்தையை டாக்டரிடம் காட்டினார்கள். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றாராம். அந்த 'இப்போதைக்கு' அக்காவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. பிறகு சோதனைக்காகப் போகும்போதெல்லாம் டீ கொடுப்பார், கேன் தண்ணீரில் போட்டது என்று அவராகவே சொல்வார். கொடியில் வெள்ளைத் துணி இல்லை. அந்த வீட்டை விட்டு வரும்போது ஒவ்வொரு முறையும் மனசு பாரமாகத்தான் இருக்கும்.

இன்றைக்கும் எந்தக் கிணற்றுக்குப் போனாலும், அந்தத் தண்ணீரைச் சும்மா வாங்கிக் குடிப்பவர்களைத் தேடிப் போய்க் கேட்கிறேன்; "நல்லாத்தான் இருக்கு" என்று அவர்கள் சொன்னால், அது தண்ணீரைப் பற்றியா, கொடுப்பவரைப் பற்றியா என்று இன்னொரு தடவை கேட்காமல் திரும்புவதில்லை.