மேல்தண்ணீர்

எங்கள் காலனிக்குக் குடிதண்ணீர் வாகு மணலில் தோண்டும் ஊற்றுதான். வாகு என்றால் ஓடை. ஏர்பேட்டுப் பக்கம் தமிழ் பேசுகிற நாங்களும் அப்படித்தான் சொல்வோம். தொண்ணூறுகளில் மேல்சாதிக்காரர்களான மேலூர்க்காரர்கள் வாகுக்கரை நிலத்தை விற்றார்கள். ரயிலில் வரும் நிலக்கரியை இறக்கிக் குவிக்கும் டிப்போ அங்கே வந்தது. முதல் மழையிலேயே ஊற்று கறுத்தது. அம்மா வடித்த சோறு சாம்பல் நிறத்தில் இருந்தது. அக்காவின் குழந்தை வயிற்றாலே போய்த் துவண்டு கிடந்தது. டிப்போவைக் கொளுத்த வேண்டும் என்று கத்தினேன். எரிப்பதற்குத்தானே அங்கே எல்லாம் குவித்து வைத்திருக்கிறார்கள்.

மண்டல ஆபீசில் புகார் கொடுத்தோம். தண்ணீர் மேலேயிருந்தே கறுப்பாகத்தான் வருகிறது என்றார் டிப்போ மேனேஜர். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போனது? ஆபீசர் நன்றாகத் தலையாட்டினார்.

நான் அப்போது திருப்பதியில் ஒரு காலேஜ் லேபில் உதவியாளர். டிப்போவுக்குக் கீழே ஒரு புட்டி, மேலே ஒரு புட்டி எடுத்துச் சோதித்தால் மேனேஜர் வாயை அடைத்துவிடலாம். மேல்புட்டி இல்லாவிட்டால் கீழ்ப்புட்டி செல்லாது. ஆனால் டிப்போவுக்கு மேலே வாகில் இறங்க இருந்தது ஒரே இடம், மேலூரின் கங்கம்மா கோயில் படித்துறை. எங்கள் ஆட்கள் அதில் கால் வைத்ததே இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அதெல்லாம் கணக்கில்லை, காலனி என்றால் காலனிதான்.

நைனா, அதாவது என் அப்பா, டிப்போவில் கரிக்கூடை சுமந்துகொண்டிருந்தார். நிலம் போன மேலூர்க்காரர்கள் சிலரும் அங்கேயே கூலிக்கு வந்திருந்தார்கள். ஒருவர் தூக்கிவிட்டால்தான் கூடை இன்னொருவர் தலைக்கு ஏறும். நைனாவுக்குத் தூக்கிவிடுகிறவன் ஒரு மேலூர்க்காரன். வேலை நாளில் இருவர் முகமும் ஒரே கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வெள்ளைச் சட்டையோடு நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கீழ்ப்புட்டியை நிரப்பிப் பையில் வைத்துவிட்டு மேலே நடந்தோம். படித்துறையில் யாரும் இல்லை.

"சட்டுனு மொண்டுக்கினு வா" என்றார் நைனா.

"அலசணும் நைனா. எடுக்கற தண்ணியிலயே மூணு வாட்டி அலசிக் கொட்டணும். இல்லாங்காட்டி தப்பா காட்டும்."

"அலசிக்கினு நிக்கற எடமா இது?"

நான் அலசினேன். மொண்டு, குலுக்கி, தண்ணீரிலேயே ஊற்றினேன். மூன்றாவது முறை ஊற்றும்போது கரையில் சத்தம் கேட்டது.

"ஏய், நீள்ளு முட்டுகுன்னாவா?"

தண்ணீரைத் தொட்டாயா என்று தெலுங்கில் கேட்டார்கள். தொட்டது பாதிக் குற்றம். தொட்ட தண்ணீரைத் திரும்ப அதிலேயே ஊற்றியதுதான் அவர்களைக் கொதிக்க வைத்தது. நான் புட்டியை முக்கி மூடியைத் திருகியதும் ஒருவன் என் சடையைப் பிடித்து இழுத்தான். படிக்கல்லில் முகம் மோதியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நைனா பாய்ந்து அவன் கையைக் கடித்தார். அவர் ஒருவரை அடித்துக்கூட நான் பார்த்ததில்லை. கீழே தள்ளி மிதித்தார்கள். அவர் என் கையிலிருந்து விழுந்த புட்டியை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். முதுகில், விலாவில், இடுப்பில் உதை விழுந்தது. உதைத்த கால்களில் ஒன்று, தினமும் அவருக்குக் கூடை தூக்கிவிடுகிறவனுடையது. குளித்துத் தலை வாரிப் பொட்டு வைத்திருந்தான். அவனை அடையாளம் தெரிந்ததும் எனக்கு வந்த வெறியில் கல்லை எடுத்து வீசினேன். அவன்மேல் படவில்லை. படவில்லையே என்று இன்றும் எனக்கு வருத்தம்தான்.

புட்டி பிளாஸ்டிக். நசுங்கியது, உடையவில்லை.

மறுநாள் வீங்கின கண்ணோடு லேபில் இரண்டு தண்ணீரையும் வடிகட்டினேன். கீழ்த்தண்ணீர் இறங்கின தாள் அடுப்புக்கரியாய்க் கறுத்துவிட்டது. மேல்தண்ணீர் இறங்கின தாள் போட்டபோது இருந்த மாதிரியே வெள்ளையாக இருந்தது. உலர்த்தி எடை போட்டுக் குறித்தேன். பிற்பாடு அந்த எடைகளை வைத்துத்தான் டிப்போவில் கரித்தண்ணீர் தேங்கித் தெளிய ஒரு குட்டை வெட்ட வைத்தோம். அது தனிச் சண்டை.

அன்று சாயங்காலம் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நைனா மல்லாந்து படுக்க முடியாமல் கவிழ்ந்து கிடந்தார். வெள்ளைத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ அலசி ஊத்தினப்புறம் மொண்ட தண்ணிதானே இது?"

"ஆமா நைனா."

"இத்த எங்கிட்ட குடு. கூட தூக்கிவுடறானே, அவங்கிட்ட காட்டணும்."

உடம்பு தேறி வேலைக்குப் போன முதல் நாளே நொண்டிக்கொண்டு திரும்பினார். கால் கட்டைவிரல் நசுங்கி நகம் பெயர்ந்திருந்தது. அம்மா அலறினாள்.

"காட்டினியா நைனா?" என்று கேட்டேன்.

"காட்னேன். எம்பொண்ணு தொட்ட தண்ணி, பாரு, நல்லாத்தானே கீது, இன்னாத்துக்குடா ஒதச்சேன்னு கேட்டேன்."

"இன்னா சொன்னான்?"

"தூக்கின கூடைய அப்பிடியே வுட்டுட்டான்."