இரண்டு நூல் வெளியே

வேலையிடத்தில் அவருக்குக் கண்மட்டம் என்று பெயர். சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க மற்ற கொத்தனார்கள் தூக்குக்குண்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள். அவர் நாலடி பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ஒரு நூல் வெளிய போயிருக்கு" என்பார். நூல் என்றால் அவர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சந்தேகப்பட்டுக் குண்டு போட்டுப் பார்த்தவர்கள் பிறகு தாங்களே செங்கல்லைப் பிரித்தார்கள். இதைத் திறமை என்பதா, இருபது வருடப் பழக்கம் என்பதா, தெரியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள்தான். சுவர் விஷயத்தில் மட்டும் முயலுக்கு நிஜமாகவே மூன்று கால் இருந்தது.

ஐந்தாறு வருடமாகக் காது மந்தம். காது மிஷின் வைத்தால் சீழ் வடிந்தது. வீட்டில் எதையும் மூன்று தடவை கத்திச் சொல்ல வேண்டும். மனைவியின் தம்பி அவரோடு வேலை பார்க்கிற கொத்தனார். பாதி நாள் இவர்கள் வீட்டில்தான் இருப்பான். அக்காளும் தம்பியும் அவரை எதிரில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவார்கள். அவர் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சாரத்தின் மேலிருந்து "மாமா, நகருங்க!" என்று மச்சினன் தொண்டை கிழியக் கத்தினான். அவர் நகரவில்லை. பலகை ஒரு சாண் தள்ளி விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்தார்.

நடுக்காதுக்குள் சிறிய கருவி ஒன்றை வைப்பார்கள். புண் ஆறி, எட்டு வாரம் கழித்து, காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வெளிப்பகுதியை மாட்டிய பிறகே கேட்கும். "நடுவில கொஞ்ச நாள் தலை சுத்தலாம்" என்றார் டாக்டரம்மா, ஒரு தாளில் எழுதிக் காட்டி.

"சாரத்துல நடக்குறவனுக்குத் தலசுத்தலா?" என்று அவர் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கூரை இடப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் ஓட்டம் நிற்கவில்லை, மெதுவாயிற்று, அவ்வளவுதான். படுக்கையிலிருந்து குளியலறைக்குப் பதினோரு அடி. அவரே கட்டிய சுவரைத் தடவித் தடவிப் போவார். மனைவி பின்னாலேயே, தொடாமல், தொட்டால் கோபிப்பார் என்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடப்பாள்.

"நான் என்ன கோழிக்குஞ்சா?"

"கோழிக்குஞ்சு சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள். அவருக்குக் கேட்காது. அவள் முகத்தைப் பார்த்து அர்த்தம் பண்ணிக்கொள்வார்.

ஐந்தாவது வாரம் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடிந்தது. அவள் வெளியே போயிருந்த நேரத்தில் மெல்ல வேலையிடத்துக்குப் போனார். அவருடைய பயம் ஒன்றே: கண்ணும் போய்விட்டதோ? காது இல்லாமல் ஐந்து வருடம் ஓட்டியாயிற்று. கண் இல்லாவிட்டால் அவர் யார்?

மச்சினன் மாடி அறையின் சுவரை இடுப்புயரம் எழுப்பியிருந்தான். அவர் நாலடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடினார்.

"ரெண்டு நூல் வெளிய. மேல மூணு வரியப் பிரி."

அவன் சுவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு, கொத்துக்கரண்டியின் பிடியால் தட்டித் தட்டி மூன்று வரிசைக் கல்லையும் பிரித்தான். அவர் வீடு திரும்பியபோது நடையில் தள்ளாட்டம் பாதியாகியிருந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டார்.

எட்டாவது வாரம் வெளிப்பகுதியை மாட்டினார்கள். "எப்படி இருக்குங்க?" என்று மனைவி கத்தினாள். "ஒரே இரைச்சல்" என்றார். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. பழகப் பழகத்தான் பிரித்துக் கேட்க வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வாரம் இரைச்சலாகவே போயிற்று. ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது, அது கிறீச்சிடும் என்றே அவர் மறந்திருந்தார். சமையலறையில் தண்ணீர் கொதித்தது. அங்கே அக்காளும் தம்பியும் வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கே வேலைக்கு வரேங்கிறாரு. என்னக்கா பண்ண?"

"வரட்டுமேடா. நீதான் அவரு கண்ணு நல்லாருக்குன்னியே."

"எங்க நல்லாருக்கு? அன்னைக்கு அந்தச் சுவரு நேராத்தான் இருந்துச்சு. அவரு வர்றதுக்கு முன்னாடிதான் குண்டு போட்டுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன்டா பிரிச்ச?"

"அவரு மூஞ்சியப் பாத்தேன்க்கா. சுவத்தப் பிரிச்சா மறுநாளே கட்டிரலாம்."

அடுப்பு அணைந்தது. அவர் எழுந்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாப்ள."

மச்சினன் கையிலிருந்த தம்ளரை வைக்க இடம் தெரியாமல் தடுமாறினான். மனைவிக்கோ சுவரும் நினைவில்லை, குண்டும் நினைவில்லை.

"கேட்டுச்சாங்க? நாங்க பேசினது அங்க கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான் கத்தவே இல்லியே!" என்றாள். அடுத்த நொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவருக்கும் கண் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக அழவில்லை. அவர் அதை அவளுக்கு விளக்கப் போகவில்லை.

"இவ்வளவு சின்னக் குரலா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"இவ்வளவு நாளா அத வச்சுத்தான் கத்திக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலையில் வேலைச் சாமான் பையைக் கவிழ்த்து அடியில் துருப்பிடித்துக் கிடந்த தூக்குக்குண்டை எடுத்துத் துடைத்தார். புதுக் கயிறு கட்டினார். வேலையிடத்துக்குப் போனார். சாரத்தில் ஏற இன்னும் ஒரு மாதம் ஆகலாம்; ஏறாமலும் போகலாம். தரையில் நின்று, புதிதாக எழுந்த சுவரை ஒட்டிக் குண்டை இறக்கினார். அவர் கண்ணுக்குச் சுவர் சாய்ந்துதான் இருந்தது. குண்டு இப்படியும் அப்படியும் ஆடியது. அவர் காத்திருந்தார்.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றது மேலிருந்து ஒரு குரல். கத்தவில்லை, சாதாரணமாக.

தள்ளி நின்றார். கயிறு நின்றது.

"நேரா இருக்கு" என்றார். "ஏத்து."