அட்டையைப் பார்த்து வாங்கிய கிரீம்

என் வலது கையைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனியில வெடிச்சது?" என்பதுதான். சிவகாசிப் பக்கம் ஒரு பொம்பளைக்குக் கையில் தழும்பு இருந்தால் அது வேறு எப்படி வந்திருக்க முடியும்! "கம்பெனியும் இல்ல, வெடியும் இல்ல, ஒரு சட்டி மைதாப் பசை" என்று சொன்னால் கேட்டவர்கள் முகம் சப்பென்று ஆகிவிடும். எனக்கு எரிச்சலாக வரும். பசை கொட்டினால் வேகாதா என்ன?

பட்டாசுப் பெட்டிகளுக்கு வீட்டில் வைத்து லேபிள் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பசையை நாங்களே காய்ச்சிக்கொள்வோம். அன்றைக்குச் சட்டியை இறக்கும்போது பிடிதுணி நழுவி, கொதிக்கிற பசை முழங்கையின் பின்பக்கத்திலிருந்து புறங்கை வரைக்கும் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பசை அப்படியே ஒட்டிக்கொண்டு நின்று வேகவைக்கும். விருதுநகரில் பெரியாஸ்பத்திரியில் புண்ணை ஆற்றி அனுப்பினார்கள், அவர்கள் நல்லா இருக்க வேண்டும். ஆனால் ஆறிய தோல் காய்ந்து, அரித்து, இறுக ஆரம்பித்தது. கை நீட்டினபடியே நின்றது. சோறு வாய்க்கு வராததால் வாய்தான் தட்டுக்குப் போனது.

அங்கே கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். என் தங்கச்சி வயதுதான் இருக்கும். "தோலு காயக் காய இறுகும்க்கா. மாய்ஸ்சுரைசர் தேச்சு, மடக்கி மடக்கிப் பழகணும். விட்டீகன்னா முழங்கை இப்படியே நின்னுரும். வாசனை இல்லாததா வாங்குங்க" என்றாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் தலையை நானே பின்ன வேண்டும். இடுப்பு வரைக்கும் முடி எனக்கு. கை வெந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர்தான் தினமும் ஷிப்டுக்குப் போகுமுன் பின்னிவிடுகிறார். அவர் அட்டையும் காலண்டரும் அச்சடிக்கிற ஆஃப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். "இது தலையா, பேப்பர் பண்டலா? இம்புட்டு இறுக்குறீக!" என்று கத்துவேன். "தளத்திப் போட்டா அவுந்துரும்ல" என்பார். அவுந்தால் அவுந்துவிட்டுப் போகட்டுமே! கண்ணில் நீர் வருகிற அளவுக்கு இறுக்கிவிட்டு, நல்ல காரியம் செய்த மாதிரி ஒரு நிற்பு வேறு.

கிரீம் வாங்கப் போனவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். அட்டைப்பெட்டியை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எம்போஸைப் பாரு, எழுத்து எப்படிப் புடைச்சு நிக்குது. தங்க ஃபாயிலைப் பாரு, ஒரு இடத்துல பிசிறு இல்ல. அட்டைக்கே இம்புட்டு மெனக்கெட்டவன், உள்ள மட்டமாவா வச்சிருப்பான்?"

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நியாயமான பேச்சு. உலகத்துச் சாமான்கள் எல்லாம் எங்கள் கண்ணுக்கு அட்டையாகத்தான் தெரியும். அதற்குள் என்ன போகிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. நானும் இடது கட்டைவிரலால் அந்த ஃபாயிலைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் அடிச்சிருக்கான்" என்றேன். மூடியைத் திறந்ததும் வீடே ரோஜாவாய் மணத்தது. "வாசனை இல்லாததுன்னுல்ல சொன்னாக?" என்று கேட்டேன். "லேசா மணக்குது, அதுக்கென்ன" என்றார்.

மறுநாள் கை சிவந்து, பொரிப்பொரியாகக் கிளம்பி, இரண்டு இடத்தில் தோல் வெடித்துவிட்டது. அது ஆறுகிற வரைக்கும் மடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பயிற்சியில் கொஞ்சம் மடங்க ஆரம்பித்திருந்த கையும் பழையபடி கட்டையாகிவிட்டது. நான் அழுத அழுகையும் ஏசின ஏச்சும் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மனுஷன் பிரஸ்ஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். கூட வேலை பார்க்கிறவர்கள் பாவப்பட்டு, ஆளாளுக்குக் காசு போட்டு இன்னொரு கிரீம் வாங்கிக் கொடுத்தார்கள். அட்டையில் ஆரஞ்சுப் பழமும் மஞ்சளும் உயிரோடு இருந்தன. "எல்லாம் இயற்கையாம், கலர் செப்பரேஷன் அருமை" என்று கொண்டுவந்தார். ஆறிய இடத்தில் அதைப் போட்டால் திகுதிகுவென்று எரிந்தது. ஐயோ சாமி, என் தலைவிதியே என்று உடனே கழுவினேன்.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் மிஷினை விட்டு நகர்ந்தால் முதலாளி முகத்தில் விழிக்க முடியாது. அப்படியும் லீவு போட்டுவிட்டு அவரே என்னோடு விருதுநகருக்கு வந்தார். பையில் இரண்டு கிரீம்களும் இருந்தன. அந்தப் பெண் பெட்டிகளை வாங்கி, ஃபாயிலையும் பழத்தையும் ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் திருப்பினாள்.

"அண்ணே, முகத்தைப் பாக்காதீக, முதுகைப் பாருங்க. இந்தப் பொடி எழுத்துலதான் என்னென்ன போட்டிருக்குன்னு இருக்கு. எது அதிகமோ அது முன்னால வரும், கம்மியானது பின்னால போகும். கிளிசரின் மாதிரி தண்ணியை இழுத்து வைக்கிறது ஒண்ணு வேணும். பாரஃபின், பெட்ரோலியம் ஜெல்லி மாதிரி அந்தத் தண்ணி ஓடிராம மூடி வைக்கிறது ஒண்ணு வேணும். பெர்ஃப்யூம்னோ ஃப்ராக்ரன்ஸ்னோ இருந்தா அக்கா கைக்கு வேண்டாம். ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் வாசனைதான். இயற்கைன்னா எரியாதா? மொளகா இயற்கைதான?"

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். அச்சில் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற லென்ஸ் அது, எப்போதும் பையில் இருக்கும். அதைக் கண்ணில் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"இதே மாதிரிப் பொடி எழுத்தை லட்சக்கணக்குல அடிச்சிருக்கேன்மா. மை அடைக்காம வருதான்னுதான் பாத்திருக்கேன். என்ன சொல்லுதுன்னு பாத்ததே இல்ல."

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளின் ஒட்டைப் பிரித்து, தரையில் தாளாக விரித்துப் போட்டார். லென்ஸைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டார். ரோஜாக் கிரீமில் கிளிசரின் எங்கேயோ பின்னால் கிடந்தது, பெர்ஃப்யூம் அதற்கும் முன்னால் நின்றது. ஆரஞ்சுக் கிரீமில் அட்டை நிறைய இருந்த பழம், வரிசையில் கடைசிக்கு முந்தி ஒண்டிக்கொண்டிருந்தது.

"புள்ள, ரெண்டுலயும் மொதல்ல என்ன தெரியுமா? தண்ணி!"

"தண்ணிக்கா ஃபாயில் போட்டான்!" என்றேன். வெந்த கையோடு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்து மெடிக்கல் கடையில் போய் ஒவ்வொரு பெட்டியாக இறக்கச் சொல்லி லென்ஸை வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, கிரீம் வாங்க வந்தீகளா, ரெய்டுக்கு வந்தீகளா?" என்று கடைக்காரர் கேட்டாராம். அசரவில்லை. தண்ணீர், உடனே கிளிசரின், அடுத்தடுத்து பாரஃபினும் பெட்ரோலியம் ஜெல்லியும், வாசனை என்ற பேச்சே இல்லை என்று பார்த்து ஒன்றைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை.

"ரெண்டே கலரு. அந்த ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு வெலகி நிக்குது. இந்த அட்டையை எவன் அடிச்சான்னு தெரியல, அவனை மிஷின் பக்கமே விடக்கூடாது."

அந்தப் பெண் சொன்னபடி முதலில் ஓர் ஓரத்தில் மட்டும் தடவி, இரண்டு நாள் பொறுத்தோம். கை சிவக்காமல், எரியாமல் சும்மா இருந்தது. அதற்குப் பிறகு காலையும் மாலையும் அவர் தேய்ப்பார், மடக்குவார். "கொல்றீகளே, விடுங்க!" என்று நான் கத்துவேன். அவர் விடமாட்டார். மதியத்துக்கு நானே தேய்த்துக்கொள்வேன். அரிப்பு அடங்கியது. தோல் மெல்ல மெல்ல இளகியது. கை முதலில் வாய்க்கு வந்தது, பிறகு காதுக்கு வந்தது. அந்தப் பெண்ணை நினைத்தாலும், பேர்கூடத் தெரியாத அந்த மட்டமான அட்டையை நினைத்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஒருநாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது, கையைப் பின்னால் கொண்டுபோனேன். பிடரியைத் தொட்டுவிட்டது. மூன்று கால் பிரித்து, மூச்சுவாங்கப் பின்னி, நுனியில் ரப்பர் பேண்டும் போட்டுவிட்டேன். கோணல்தான். ஆனால் நான் பின்னியது.

அவர் வழக்கம்போலச் சீப்போடு வந்தார். பின்னலைப் பார்த்துவிட்டு நின்றார்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"நல்லது புள்ள" என்றார். நிஜமாகவே சந்தோஷம்தான், கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அந்தச் சீப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

நான் ரப்பர் பேண்டை உருவி, பின்னலை அவிழ்த்துவிட்டேன்.

"கோணலா இருக்கு. நீங்களே போடுங்க."

"நல்லாத்தான இருந்துச்சு!"

"போடுங்கன்னா போடுங்க. ஷிப்டுக்கு நேரமாகல?"

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அன்றைக்கும் பண்டல் கட்டுகிற மாதிரிதான் இறுக்கினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.