மழையில் இறுகிய கயிறு

1. வெளியே நின்ற விமானம்

இரத்மலானையில் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் தரைப் பணியாளராகச் சேர்ந்து ஐந்தாவது வாரம். பின்னேரம் மூன்று மணிக்கு வானிலை எச்சரிக்கை வந்தது. இரவு பலத்த காற்றும் மழையும் வருமாம். ஹேங்கர் கொட்டகையில் மூன்று விமானங்களுக்குத்தான் இடம். நாலாவது, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம், வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

வெளியே நிற்பதைக் கட்டிப்போட வேண்டும். இரண்டு இறக்கைகளின் கீழும் ஒவ்வொரு வளையம், வாலடியில் ஒன்று. தரையில் கொங்கிரீட்டுக்குள் பதித்த கொக்கிகள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் சொக் கட்டைகள் வைத்து, ஸ்டியரிங் ஆடாமல் லொக் போட்டு, மூன்று கயிறுகளைக் கட்டினால் வேலை முடிந்தது. அப்படிக் கட்டாவிட்டால், காரைவிடப் பாரம் குறைந்த அந்தச் சாமானைக் காற்று தூக்கிக் கவிழ்த்துவிடும்.

வழக்கமான நைலோன் கயிறுகள் தேய்ந்துவிட்டன என்று எங்கள் எஞ்சினியர் சிவநேசன் சேர் அந்த வாரம்தான் ஒதுக்கியிருந்தார். புதியவை வரவில்லை. ஸ்டோரில் ஒரு கட்டு மணிலா நார்க் கயிறு கிடந்தது. அதை எடுத்துப்போனேன்.

சேர் முன்னமே சொல்லியிருந்தார். “அந்தோனி, மணிலா எண்டா ஒரு இன்ச் லூஸ் விட்டுக் கட்டுங்கோ. நனைஞ்சா அது சுருங்கும்.”

கேட்டேன். ஆனால் மனதில் எடுக்கவில்லை. நான் கொட்டாஞ்சேனைக்காரன். அதற்கு முன் பதினொரு வருடம் துறைமுகத்தில் கப்பல் தட்டில் கொண்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் லாஷிங் வேலை. அங்கே ஒரு இன்ச் லூஸ் விட்டால் கடலில் கொண்டெய்னர் ஆடும், ஆடினால் கட்டு அறுந்துவிடும். விமானக்காரர்களுக்குக் கயிற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். கொக்கியில் காலை ஊன்றி, கயிறு விண்ணென்று நிற்கும்வரை இழுத்துக் கட்டினேன். நல்ல வேலை செய்த திருப்தியோடு கொழும்புக் கோட்டைக்கு ரயில் ஏறினேன்.

2. ஓகே

விடிய விடிய மழை. காலை ஆறரைக்குப் போனபோது விமானம் நின்ற இடத்தில்தான் நின்றது. சந்தோஷத்தோடு கயிற்றைத் தொட்டேன். இரும்புக் கம்பியைத் தொட்டது போல இருந்தது. டயர்கள் இரண்டும் நசுங்கி, விமானமே தரையோடு அமர்ந்திருந்தது.

முடிச்சு நகம் நுழையாத அளவுக்கு இறுகியிருந்தது. கத்தியால் அறுத்தேன். கடைசி இழை விட்டதும் ‘டக்’ என்ற சத்தத்தோடு இறக்கை மேலே துள்ளியது.

வளையத்தைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. இறக்கைத் தகட்டில் கீறல் இல்லை, மடிப்பு இல்லை. யாரும் என்னைக் காணவில்லை. அறுத்த கயிறுகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டேன்.

ஏழேகாலுக்குப் பயிற்சி மாணவி ரிஸ்னா வந்தாள். தெஹிவளைப் பிள்ளை, பத்தொன்பது வயது. “இன்டைக்கு எனக்கு சோலோ, அங்கிள். உம்மா வாசல் கேட்டுக்கு வெளிய நிண்டு அல்லாஹ்கிட்ட துஆ கேட்டுக்கிட்டு இருக்கிறாங்க.”

முதலில் பயிற்சி கெப்டனோடு மூன்று சுற்று, பிறகு அவர் இறங்கிவிட அவள் தனியாக ஒரு சுற்று. அவள் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் முறைப்படி பார்த்தாள். இறக்கையை அசைத்துப் பார்த்தாள். வெளியே தெரிவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

கெப்டன் வந்தார். “ராத்திரி மழைக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லையே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“இல்லை சேர். ஓகே.”

அவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. துறைமுகத்தில் என்றால் சந்தேகமுள்ள கொக்கியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு கொக்கி போடுவேன். இங்கே சந்தேகம் இறக்கைக்குள் இருந்தது. சொன்னால் வேலை போகும். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். அதோடு, உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமே. எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, பிரேக் விடுபட்டு, விமானம் உருளத் தொடங்கியது.

நான் எட்டத்தில் விலகியபடியே முன்பக்கம் ஓடி, இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தேன். நிறுத்து என்பதற்கு அதுதான் சைகை. எஞ்சின் நின்றது.

3. சேர் வரும்வரை

கெப்டன் இறங்கி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பைத் தொட்டியிலிருந்து கயிற்றையும் எடுத்துக் காட்டினேன்.

“இப்பத்தானே ஓகே எண்டு சொன்னாய்?” அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சிவநேசன் சேர் வெள்ளவத்தையிலிருந்து வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் இறக்கைக்குக் கீழேயே நின்றேன். ரிஸ்னா வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஹெட்செட்டின் வயரைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் பைத்தியக்காரன் ஆவேன். இருந்தால் குற்றவாளி. எதற்காக ஜெபிப்பது என்று தெரியவில்லை.

சேர் வந்து இறக்கையின் சின்ன மூடியைக் கழற்றி, டோர்ச்சும் கண்ணாடியும் பிடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“வாங்கோ, நீங்களே பாருங்கோ.”

வளையத்தைப் பிடித்திருந்த உள் பிரக்கெட் வளைந்திருந்தது. இரண்டு ரிவெட்டுகளின் தலை தகட்டை விட்டு எழும்பியிருந்தது.

“இறக்கை மேல தூக்குறதுக்குக் கட்டின சாமான். நீங்க இரா முழுக்கக் கீழ இழுத்திருக்கிறீங்க” என்றார்.

“பறந்திருந்தா என்ன நடந்திருக்கும் சேர்?”

“தெரியாது. ஒண்டும் நடக்காமலும் போயிருக்கலாம். தெரியாமல் ரெண்டு பேரை மேல அனுப்பேலாது.”

அறிக்கை எழுதும்போது கேட்டேன். “முதல்ல ஓகே எண்டு சொன்னதையும் எழுத வேணுமா சேர்?”

“அதைத்தான் முதல்ல எழுதுங்கோ.”

எழுதினேன். வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று வாரம் அந்த விமானம் ஹேங்கரில் கிடந்தது. ரிஸ்னா பதினொரு நாள் கழித்து வேறொரு விமானத்தில் தனியாகப் பறந்தாள். இறங்கி வந்து என்னிடம் ஒன்று கேட்டாள்.

“நாங்க ஏறுற வரைக்கும் சொல்லாமப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, ஏன் அங்கிள்?”

“பயம் மகள்.”

“எங்களுக்கு வந்திருக்க வேண்டிய பயம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் இல்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கயிறு கட்டக் காட்டுவது என் வேலை. முடிச்சும் லூஸும் இரண்டு நாளில் பழகிவிடும். பிறகு நான் சொல்வது இதுதான்: ஓகே என்று சொன்ன பிறகும் அதைத் திருப்பி எடுக்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தாலும் எடுக்கலாம். வெட்கம் வரும். அந்த வெட்கத்தோடேயே முன்னால் போய்க் கையைத் தூக்குங்கள்.