தேன் மிட்டாய் வென்ற விதம்

விடைத்தாளைத் திருத்துவதைவிடத் தன்னைத் திருத்திக்கொள்வதே நம் தொழிலில் கடினம் என்பதைச் சக ஆசிரியர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கேரள எல்லையில், பாறசாலைக்கு அருகே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியபோது நான் பட்ட பாடு இது.

இரண்டு குவியல்கள்

தரவு சேகரிப்பைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்தால் மனத்தில் ஒட்டாது. ஆகவே தேன் மிட்டாயும், சுளை வடிவில் புளிப்பாக இருக்குமே, அந்த மிட்டாயும் வாங்கிப்போய், ஆளுக்கு விரும்பிய ஒன்றை எடுத்து மேசையில் வைக்கச் சொன்னேன். எது அதிகமோ அதுவே ஆண்டுவிழாவுக்கு என்று வாக்குக் கொடுத்தேன். எண்ணும் பொறுப்பு, பக்கத்துக் காரோடு ஊரிலிருந்து வரும் மீனவர் மகள் ஸ்டெல்லாவுக்கு. சுளை மிட்டாய் பதினெட்டு, தேன் மிட்டாய் பன்னிரண்டு என்றாள். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. முறைப்படி இருக்கட்டுமென்று, அவரவர் மிட்டாயின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எண்ணியாச்சுல்லா சார், இனி தின்னலாமா? இல்ல, அதுக்கும் ஒரு கணக்கு உண்டா?"

மூன்று தூண்கள்

நெய்யாற்றின்கரையில் புதிதாகத் திறந்திருந்த கணினி மையத்தில் சீட்டுகளை வாசித்தேன். அங்கிருந்த பெண் ஸ்பிரெட்ஷீட்டில் பெயர்வாரியாகப் பதிந்தார். திரையில் வண்ணத் தூண்கள் எழுந்தன: தேன் பன்னிரண்டு, நாரங்கா பத்து, ஆரஞ்சு எட்டு. இரண்டே மிட்டாய்க்கு மூன்று தூண்கள் எதற்கு என்று கேட்டிருக்க வேண்டிய கணக்காசிரியர், அவற்றின் அழகில் மயங்கி நின்றார். அழகானதெல்லாம் உண்மையாகாது என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் போதிக்கும் நாம்தாம் முதலில் மயங்குகிறோம். பிழைக்கே இடமில்லை என்று அந்தப் பெண்ணும் தைரியம் சொன்னார்:

"கம்ப்யூட்டருக்குத் தெற்றே வராது சாரே, நீங்க தைரியமா சுவரில ஒட்டுங்கோ."

ஒரே ஒரு மிட்டாய்

ஒட்டினேன். தேன் மிட்டாய் வென்றதாக அறிவித்தேன். "கள்ளக்கணக்குக்காரி வாறா மக்கா!" என்று பிள்ளைகள் ஸ்டெல்லாவைக் கேலிசெய்தார்கள். அவர்களைக் கண்டிக்க வேண்டிய நானோ, அவசரம் பொய்க்கு அக்காள் என்று ஐந்து நிமிடம் அவளுக்கு உபதேசம் செய்து, இனி அவள் எண்ண வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை.

மறுநாள் ஒரு சுளை மிட்டாயோடு வந்து என் முன்னே நீட்டினாள். "இது என்ன சார்?" "ஆரஞ்சு மிட்டாய்" என்றேன். அதையே பக்கத்துப் பையனிடம் காட்டினாள். "நாரங்கா மிட்டாயி" என்றான் அவன். எல்லையோரத்தில் ஒரு வீட்டின் ஆரஞ்சு அடுத்த வீட்டின் நாரங்கா என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"நான் மிட்டாயப் பாத்து எண்ணினேன் சார், நீங்க பேரப் பாத்தாக்கும் எண்ணினது."

எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டு, எண்ணும் பொறுப்பை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவசரத்தைப் பற்றிய அந்த ஐந்து நிமிட உபதேசத்தைத்தான் யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், வீட்டுக் கண்ணாடி முன் நின்று எனக்கே ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.